திருப்பிப் பிடித்த செவ்வந்தி

அண்ணா,

சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூவன் பழம் ஒரு சீப்பு, மேலே நிறையச் செவ்வந்தி. ஃபேனைப் போட்டால் அந்த வாசனை வீடு முழுக்கச் சுற்றுகிறது. நிறுத்தினால் மேசையைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. மத்தியானத்திலிருந்து போடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறேன்.

ஒரு பூ மட்டும் குப்புறக் கிடக்கிறது. காம்பு மேலே. காம்பைச் சுற்றிப் பச்சை வட்டம். அதற்கு வெளியே இதழ்களின் வெளிறிய முதுகு.

நீ இருந்திருந்தால் அதை எடுத்துக் கண்ணருகே பிடித்திருப்பாய். "இங்க பாரு, நம்ம ஊட்டு முத்திரை" என்றிருப்பாய்.

நீ இல்லை. தட்டு இருக்கிறது. நாளைக் காலைக்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

*

எனக்கு இப்போது ஏழாம் மாதம். இரட்டைக் குழந்தைகள். ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்ன அன்றே செய்தி ஆர்.எஸ்.புரத்துக்குப் போய்விட்டது. பெரிய வீட்டுக்கு. நம் பெரியப்பா இருந்த வீடு. இப்போது பெரியம்மாவும், அவர் மகன் கார்த்தியும், கார்த்தியின் மனைவி சௌமியாவும் மட்டும் இருக்கும் வீடு.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. எத்தனையோ சிகிச்சை. சௌமியா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்துத் திரும்புவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதுதான் கஷ்டம்.

இன்று காலை அம்மாவும் நானும் செக்கப்புக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பிரபு சோபாவில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"பெரியம்மா வந்துட்டுப் போனாங்க. கார்த்தியும் கூட வந்தான். தட்டு குடுத்தாங்க, வாங்கி வெச்சேன்."

அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்கிப்போட்டீங்களா மாப்ள?"

"ஆமா அத்தை. ரெண்டு கையாலதான் வாங்குனேன். மரியாதையாத்தான்."

"பழத்த வேற பிச்சுப்போட்டீங்க."

"பசிச்சுது அத்தை. பழம்தானே?"

பிரபு தூத்துக்குடிக்காரன். அவனுக்குத் தெரியாது. நம் குடும்பத்தில் பெரிய வீட்டுக்கு ஏதாவது வேண்டுமென்றால் வாயால் கேட்காது. தட்டோடு வந்து வாசலில் நிற்கும். வாங்கினால் சம்மதம். தட்டோடு நிற்பவரை நிற்க வைப்பது மரியாதையில்லை, அதனால் எல்லோரும் வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகுதான் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பார்கள்.

திருப்பிக் கொடுக்கலாம். வந்தபடியே, எதுவும் குறையாமல், வாங்கியவர் வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுபோய் நிற்கலாம். கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நாளை குலதெய்வக் கோயிலில் அவர்கள் பொங்கல் வைக்கிறார்கள். சாமியிடம் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு திருப்ப முடியாது.

பிரபுவுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் கையிலிருந்த தோலைப் பார்த்தான். பிறகு என் வயிற்றை.

"நான் வாழப்பழம்னு நெனச்சேன்" என்றான்.

*

உனக்காக வந்த தட்டை வாங்கியது அம்மா.

எனக்கு அது நினைவில் இல்லை. நான் கைக்குழந்தை. எல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான். பெரிய வீட்டில் குழந்தை இல்லை. மில் இருந்தது. மில்லுக்கு ஒரு பையன் வேண்டும். சிங்காநல்லூரில், நம் வீட்டில், ஒரு பையன் இருந்தான். உனக்கு ஏழு வயது. ஏதோ விசேஷத்துக்குக் கூடிய கூட்டத்தின் நடுவே பெரியம்மா தட்டோடு வந்து நின்றார். ஓரகத்தி, வயதில் மூத்தவர், அத்தனை பேர் பார்க்க நிற்கிறார். அம்மா வாங்கிக்கொண்டார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். சாயங்காலமே கார் வந்துவிட்டது.

நான்கு வருடம் கழித்துக் கார்த்தி பிறந்தான்.

நீ திரும்பி வந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் ஒரு பெட்டி. பக்கத்தில் புது சைக்கிள், பச்சை நிறம், கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பையன். நான் உன்னை "நீங்க" என்றேன். விருந்தாளி என்று நினைத்தேன். நீ "நீ"யாக மாற எத்தனை நாள் ஆனதோ.

பெரிய வீட்டில் உனக்கு அம்மாவைச் "சித்தி" என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வந்த பிறகும் இரண்டொரு முறை அப்படிக் கூப்பிட்டாய். அம்மா முகத்தைப் பார்த்தாய். நிறுத்திக்கொண்டாய். ஆனால் "அம்மா"வும் வரவில்லை. அந்தச் சொல்லைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாய் போல. அதன்பிறகு அம்மாவை எதுவுமே கூப்பிடாமல் பேசக் கற்றுக்கொண்டாய். முகம் பார்த்துப் பேசுவாய். பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேசுவாய். சமையலறையில் அவர் திரும்பி நின்றால் மட்டும், வேறு வழியில்லாமல்,

"ஏனுங்க."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை அழைப்பதுபோல. பெற்றவளை.

அம்மா அதற்கும் திரும்புவார்.

*

உனக்கு ஜப்பானிய மொழி எப்படிப் பிடித்தது என்று நான் கேட்டதில்லை. பம்பு, மோட்டார் தொழிற்சாலைகளுக்கு வரும் ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தாய். கியோட்டோவிலிருந்து வரும் ஒருவரிடம் அவர் ஊரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாமென்று எதையோ படிக்கப் போய், அதிலேயே விழுந்துவிட்டாய். அரச குடும்பத்தின் ஒரு கிளை. கட்சுரா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூர் குளத்துக் கரை. உன் கையில் சுட்ட சோளம், என் கையில் மாங்காய்.

"ராஜாவோட தம்பி. சின்னப் பையன். அப்பல்லாம் ராஜா பேருக்குத்தான் ராஜா. நாட்டைக் கையில வெச்சிருந்தவன் ஒரு படைத்தலைவன். அவனுக்குப் புள்ளை இல்லை. இந்தப் பையனைத் தத்தெடுத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவனுக்கே ஒண்ணு பொறந்துச்சு."

நீ சோளத்தைக் கடித்தாய். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். நீயே சிரித்தாய்.

"திருப்பி அனுப்பிட்டான். ஆனா சும்மா அனுப்பலை பாரு. நெலம் குடுத்து, தனியா ஒரு ஊடா வெச்சு அனுப்பினான். அதுலருந்து ஒரு கிளை. முந்நூறு வருசத்துக்குக் கிட்ட இருந்துச்சு."

"உனக்கு என்ன குடுத்தாங்க?"

"சைக்கிள்."

அதற்கு இருவரும் சிரித்தோம். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து முறைக்கும் அளவுக்கு.

அப்படி ஒரு கிளை எதற்கு என்று கேட்டேன். மூல வீட்டில் வாரிசு இல்லாமல் போனால் அனுப்பி வைக்க என்றாய். "கார் டிக்கியில கெடக்குமே ஸ்டெப்னி, அது மாதிரி. எப்பவும் காத்து நெறஞ்சு ரெடியா இருக்கோணும். ஓடக் கூடாது." அந்த வீட்டுக்கே அடிக்கடி ஆள் இல்லாமல் போனதாம். தலைவர்கள் சின்ன வயதில் இறந்துபோவார்கள். ராஜாவின் இன்னொரு மகனைக் கொண்டுவந்து வைப்பார்கள். யாரும் கிடைக்காத வருடங்களில் வேலைக்காரர்களே வீட்டை நடத்துவார்களாம். விளக்குப் போட்டு, முற்றம் பெருக்கி, இல்லாத எஜமானுக்காக.

அதைச் சொன்னபோது மட்டும் உன் குரல் மாறியது.

"கடைசியா ஒரு பொம்பளை வந்தா. அந்த மாதிரி கிளை எதுக்கும் அதுக்கு முன்னால பொம்பளை தலைமையா இருந்ததில்லை. அவளுக்கப்புறம் யாரையும் அனுப்பலை. ஊட்டை மூடிட்டாங்க."

இன்னொரு நாள் பூ மார்க்கெட்டில் செவ்வந்திக் கூடைக்கு முன்னால் நின்று முத்திரையைப் பற்றிச் சொன்னாய். மூல வீட்டுக்குப் பதினாறு இதழ், முகம் தெரியும் செவ்வந்தி. கிளை வீடுகளுக்குப் பிற்காலத்தில் வகுத்தது பதினாலு இதழ். அதுவும் பின்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல. "அதே பூதான். நமக்கு மட்டும் முதுகைக் காட்டுது" என்று ஒரு பூவைத் திருப்பிப் பிடித்தாய். பூக்காரம்மா, "வாங்கறதுன்னா வாங்குங்க சாமி, முதுகெல்லாம் ஏன் பாக்கறீங்க" என்றார்.

வேலைக்காக ஜப்பான் போனபோது அந்தக் குடும்பம் கட்டிய மாளிகையைப் பார்க்கப் போனாய். முன்கூட்டிப் பதிவு செய்யவில்லை. உள்ளே விடவில்லை. வேலியை மட்டும் பார்த்துவிட்டு வந்தாய். வேரோடு நிற்கும் மூங்கிலை வளைத்து அதையே வேலியாகப் பின்னியிருக்கிறார்களாம். "வெட்டலை. உசுரோட வளைச்சிருக்காங்க." இதை இரண்டு முறை சொன்னாய்.

உனக்கு மூல வீட்டின் மீது கோபம் இருந்ததா? தெரியவில்லை. ஒரு முறை சொன்னாய். இப்போது அங்கே மூல வீட்டில் ஆண் பிள்ளைகள் குறைவு. போருக்குப் பிறகு அரச குடும்பத்திலிருந்து நீக்கி அனுப்பிய கிளைகளின் பையன்களைத் திரும்பக் கூப்பிடலாமா என்று பேசுகிறார்கள்.

"அந்தப் பசங்களைக் கேட்டாங்களாண்ணு தெரியலை" என்றாய்.

*

சாயங்காலம் பெரியம்மா போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒடம்புக்கு எப்படி இருக்குதுங்க? தம்பி தட்டு குடுத்தாருங்களா?"

அவர் சின்னக் குழந்தையைக்கூட "ங்க" போட்டுத்தான் பேசுவார். அந்தக் குரலுக்கு எதிரே எனக்கும் "ங்க" தானாக வந்துவிடும்.

"குடுத்தாருங்க பெரியம்மா."

"ரெண்டு குடுத்திருக்கான் சாமி. ஒண்ணு அங்க வளரட்டும், ஒண்ணு இங்க வளரட்டும். பத்துக் கிலோமீட்டர்தானுங்க கண்ணு. நெனச்சா வந்து பாத்துக்கலாம்."

"பெரியம்மா..."

"சொல்லுங்க கண்ணு."

"அப்புறம் சௌமியாவுக்கே ஒண்ணு பொறந்தா?"

அவர் பக்கம் குக்கர் விசில் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

"நல்லது பேசறப்ப அதெல்லாம் எதுக்குங்க கண்ணு. அப்படியே பொறந்தாலும் ரெண்டையும் வளத்திக்க மாட்டமா?"

போனை வைத்தேன். அம்மா கதவருகே நின்றிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போல.

"அன்னைக்கும் இதேதான் சொன்னாங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

*

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

வலப்பக்கம் இருப்பது உதைக்கிறது. இடப்பக்கம் இருப்பது தூங்குகிறது, அல்லது தூங்குவதாக நான் நினைக்கிறேன். எதை? உதைப்பதையா, தூங்குவதையா? யார் ஓட, யார் டிக்கியில் கிடக்க? இதைக் கேட்டவுடன் இரண்டும் அசையாமல் இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன். உதைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

கார்த்தி கெட்டவனில்லை. உனக்குத் தெரியும். நீ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், வரவில்லை. கல்யாணம் ஆகாதவன், அப்பாவும் இல்லை. மின்மயானத்துக்குக் கொள்ளிச்சட்டி எடுத்து நடந்தவன் கார்த்திதான். வழியெல்லாம் அழுதான். "நான் பொறந்ததாலதானே" என்று என்னிடம் சொன்னான். அவன் பிறந்ததற்கு அவன் என்ன செய்வான்?

ஆனால் அன்று பெரியம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மூத்த பையன் போயிட்டானுங்க." அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் யாரையும் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகப் பேசியது அம்மாவிடம். "ஏனுங்க... தண்ணி." அவ்வளவுதான்.

முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியும். காலேஜில், ஆபீஸில், பிரபுவிடம், எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். சௌமியாவின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால். "முடியாதுங்க." அந்த "ங்க" வந்ததும் வார்த்தை பாதியாகிவிடுகிறது.

*

காலையில் எழுந்தபோது அம்மா குளித்து, புடவை மாற்றி, மேசையருகே நின்றிருந்தார். தட்டைப் பார்த்தபடி.

"மாப்ள, கடைக்குப் போய்ப் பூவன் வாங்கிட்டு வாங்க."

பிரபு ஓடினான். ஒரே ஒரு பழத்தோடு வந்தான். சீப்பில் பிய்ந்த இடத்தில் அதை வைத்து அளவு பார்த்தான்.

"ஒட்ட வெக்கவா போறீங்க? முழுச் சீப்பா வாங்கிட்டு வாங்க. ஒண்ணு கொறஞ்சாலும் தின்னுபோட்டுத் திருப்பறாங்கன்னு ஆயிரும்."

மறுபடி ஓடினான்.

அம்மா தண்ணீர் தெளித்து வெற்றிலையைத் துடைத்தார். தேங்காயின் குடுமியைச் சரிசெய்தார். புதுச் சீப்பை வைத்தார். பூக்களை அடுக்கினார். அந்தக் குப்புற விழுந்த பூவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பூவை யாரும் எண்ண மாட்டார்கள்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன். நீ படு" என்றார்.

"நானும் வாரேன்."

"வயித்தத் தூக்கிட்டா?"

"வயித்துக்காகத்தானேம்மா."

ஆட்டோவில் அவர் மடியில் தட்டு. திருச்சி ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தேங்காய் உருண்டது, அம்மா கையால் அணைத்துப் பிடித்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "விசேஷமுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அம்மா.

*

பெரிய வீட்டு வாசலில் கார் தயாராக நின்றது. டிக்கியில் பொங்கல் பானை. பெரியம்மா பட்டுப் புடவையில் படியிறங்கி வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. ஏன் வெளிய நிக்கறீங்க, உள்ள வாங்க."

அம்மா உள்ளே போகவில்லை. தட்டை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றார்.

"அக்கா, இது உங்களுதுங்க."

பெரியம்மா கை நீட்டவில்லை.

"பாத்துப் பேசிக்கலாமுங்க. மொதல்ல உள்ள வாங்க."

"ரெண்டும் எங்ககிட்டயே இருக்கட்டுங்க அக்கா."

அவ்வளவுதான் அம்மா சொன்னார். கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் "ங்க" போட்டுத்தான் சொன்னார். வெற்றிலை நுனிகள் ஆடுவது எனக்குத் தெரிந்தது. சௌமியா கதவருகே வந்து நின்றாள். என் வயிற்றைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தெருவில் நடந்துபோன இருவர் மெதுவானார்கள்.

தட்டோடு நிற்பவரை நிற்க வைப்பது மரியாதையில்லை. பெரியம்மாவுக்கு அது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவர் முகம் சிவந்தது. கைகள் புடவை முந்தானைக்குள்ளேயே இருந்தன. அம்மா நின்றார். நான் பார்த்தவரை அம்மா யார் முன்னாலும் இப்படி விடாமல் நின்றதில்லை.

கார்த்திதான் படியிறங்கி வந்தான்.

"குடுங்க சித்தி" என்றான்.

வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும். அம்மாவின் கை காற்றில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

அந்தச் "சித்தி"யைக் கேட்டு அம்மா நின்ற நிற்பை நான் பார்த்தேன் அண்ணா. நீ திரும்பி வந்த நாளில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

*

திரும்பும் ஆட்டோவில் அம்மாவின் மடி காலியாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். எனக்குப் பயம் தீரவில்லை. பெரிய வீடு இனி பேசுமா? பிரசவத்துக்கு யார் வருவார்கள்? சௌமியா என்ன நினைத்திருப்பாள்? இரண்டில் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் அப்போது என்ன சொல்வார்கள்? வலப்பக்கம் உதைத்தது. உடனே இடப்பக்கமும். இரண்டும் ஒரே நேரத்தில், முதல் தடவை.

"அந்த ஜப்பான் பையன் கதை ஒண்ணு சொல்லுவானே உங்கண்ணன்" என்றார் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

அவர் கேட்டிருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

"ஆமாம்மா."

"திருப்பி அனுப்பினாங்களே. அந்தப் பையன் ஊட்டுக்கு வந்து, பெத்தவளை என்னன்னு கூப்பிட்டான்?"

நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"தெரியலைம்மா."

அம்மா தலையாட்டினார். என் கையிலிருந்த செவ்வந்தியை வாங்கி, திருப்பி, முகம் மேலே தெரியும்படி என் வயிற்றின் மேல் வைத்தார். அடுத்த பள்ளத்தில் அது விழப் பார்த்தது. இருவரும் ஒன்றாகப் பிடித்தோம்.

பூ வாடிவிட்டது. அம்மாவின் கேள்வி அப்படியே என்னிடம் இருக்கிறது. உனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய்.